துண்டில் இருந்தது என்ன

அருள்புரம்
14.9.2009

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

பஞ்சப்படி கேட்டு நூற்றிருபத்தேழு நாள் திருப்பூர் பனியன் கம்பெனிகள் ஸ்டிரைக்கில் கிடந்த வருஷம். அதே வருஷம் ஐப்பசியில்தான் இந்திரா காந்தியைச் சுட்டார்கள். அன்று பஸ் நின்றுபோய், பல்லடத்திலிருந்து அருள்புரத்துக்கு நாம் நான்கு பேரும் நடந்தோம். நீ, நான், முனீஸ், ஜெபக்குமார். கடையெல்லாம் அடைத்துக் கிடந்தது. முனீஸ் ஒரு தோட்டத்துக்குள் புகுந்து, துண்டில் ஒன்றை முடிந்துகொண்டு ஓடிவந்தானே, ஞாபகம் இருக்கிறதா? அது என்ன என்று இங்கே எழுதச் சொல்ல மாட்டேன். ஏன் என்று கடைசியில் தெரியும்.

இதை எழுதுவது பக்கத்து வீட்டு அபிராமி. பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை முடிந்து வந்து, நான் சொல்லச் சொல்ல எழுதுகிறாள். உன் வீட்டில் தங்கச்சி கருத்தம்மா எப்படி இருக்கிறாள்? மதுரையில் ஆபரேஷனுக்கு நாள் சொன்னார்களா? அதற்கு வைத்திருக்கும் பணம் பேங்கில் அப்படியே இருக்கிறதா என்று முதலில் போய்ப் பார்.

போன செவ்வாய்க்கிழமை எனக்கு ஒரு போன் வந்தது. பேங்கிலிருந்து என்றான். கம்ப்யூட்டர் மாற்றுகிறார்களாம், பத்து நிமிஷத்துக்குள் நம்பரைச் சொல்லாவிட்டால் ஏடிஎம் கார்டு செத்துப்போகுமாம். எனக்குப் படிக்கத் தெரியாது என்றேன். யாரையாவது கார்டை வாசிக்கச் சொல்லுங்க ஐயா என்றான். எனக்கு எதற்கு வாசிப்பு? கார்டு வந்த அன்று அபிராமி ஒரு தடவை வாசித்தது மனசில் அப்படியே கிடக்கிறது. முன்பக்கத்துப் பதினாறையும், தேதியையும், பின்பக்கத்து மூன்றையும் ஒரே மூச்சில் ஒப்பித்தேன். இந்த வயசுல இப்படி ஒரு ஞாபகமா என்றான். அந்த வார்த்தையில் குளிர்ந்துபோனேன். உங்க கூட்டாளிங்க கார்டும் நின்னுடும், அவங்க போன் நம்பர் இருக்கா என்றான். ஜெபக்குமார் சம்சாரம் ரோஸ்மேரியின் நம்பரைச் சொன்னேன். உன் நம்பரையும் சொன்னேன்.

என் பி.எஃப் பணம் அன்றைக்கே போய்விட்டது. பேங்க் மேனேஜரைப் போய்ப் பார்த்தேன். ஏனுங்க பெரியவரே, அந்த நம்பரெல்லாம் எங்க கம்ப்யூட்டர்லயே இருக்குதுங்க, அதை உங்ககிட்ட எதுக்குங்க கேக்கப்போறோம் என்றார். எவனோ எங்கோ உட்கார்ந்தபடியே அந்த நம்பரை வைத்துச் சாமான் வாங்கிவிட்டானாம். போலீஸில் எழுதிக் கொடுத்திருக்கிறேன். திரும்பி வரும் என்று தோன்றவில்லை.

மறுநாள் பல்லடம் போய் ரோஸ்மேரியைப் பார்த்தேன். அவளுடையதும் போயிருந்தது. என்னைத் திட்டவில்லை, காபி போட்டுக் கொடுத்தாள். பேங்க்னு சொன்னப்ப நான் நம்பலண்ணே, ராக்கையா அண்ணன்தான் நம்பர் குடுத்தாருன்னான், அப்புறம்தான் கார்டையே எடுத்தேன் என்றாள். குடித்துவிட்டு வந்தேன்.

மிச்சம் இருப்பது உன் நம்பர். நாலு நாளாகக் கூப்பிடுகிறேன், உன் போன் அணைந்தே கிடக்கிறது. ஆஸ்பத்திரியில் இருக்கிறாயோ என்னவோ. எடுத்தாலும் உனக்குக் காது மந்தம், எவன் பேசினாலும் நான்தான் பேசுகிறேன் என்று நினைத்துக்கொள்வாய். அதனால்தான் கடிதம். யார் கேட்டாலும், எவ்வளவு அவசரப்படுத்தினாலும், கார்டில் உள்ள எதையும் போனில் சொல்லாதே. போனை வைத்துவிட்டு நேராகப் பேங்குக்கு நட. என் பெயரை எவனாவது சொன்னால், முனீஸ் துண்டில் என்ன இருந்தது என்று கேள். திணறினால் வைத்துவிடு. சரியாகச் சொன்னால் அது நான்தான். எனக்கும் நம்பரைச் சொல்லாதே.

என்னதான் தாத்தா இருந்துச்சு, எனக்கு மட்டும் சொல்லுங்க என்று அபிராமி பேனாவைக் கீழே வைத்துவிட்டாள். அங்கே உனக்கு வாசித்துக் காட்டுகிறவரும் கேட்பார். சொல்லிவிடாதே. வாயை மூடிக்கொள்ள நானே இப்போதுதான் பழகுகிறேன்.

தங்கச்சி நல்லபடியாக எழுந்து நடமாடட்டும். பணம் இருக்கிறது என்று ஒரு வரி எழுதிப் போடச் சொல், போதும். கீழே என் கைநாட்டு இருக்கும். ஆனால் அதையும் எவனும் வைக்கலாம், துண்டை மட்டும் நம்பு. முனீஸ் போய்ப் பதினோரு வருஷம் ஆகிறது. ஜெபக்குமாரும் போய்விட்டான். நான்தான் ராக்கையா என்று கேட்டுத் தெரிந்துகொள்ள இனி உயிரோடு இருப்பது நீ ஒருவன்தான், சீனிச்சாமி.