இடுப்புல நாலு இஞ்ச்

ஏங்க, அந்த ரெண்டு சுடிதார் துணியையும் இன்னும் வெட்டலைன்னா கத்தரியைக் கீழ வைங்க. என் பழைய அளவு இனி ஆகாது. சாமி புண்ணியத்துல நான் சுகம். உங்க உடம்பு எப்படி இருக்கு?

ஏழு மாசம் முன்னாடி இங்க வேலை செய்யிற ஓட்டல்ல துணி மடிக்கிறப்ப லேசா தலை சுத்துச்சு. பயப்படாதீங்க, பழைய கதை. ஓட்டல் கிளினிக்ல நர்ஸ் பொண்ணு வயித்தைச் சுத்தி டேப் வச்சு அளந்துட்டு, "அம்மா, இந்தத் தொப்பை, பிரஷர், சர்க்கரை மூணும் சேர்ந்தா ஒருநாள் கை கால் இழுத்துக்கும்"னுச்சு. உங்க அண்ணன் வாய் கோணிக் கிடந்தது கண்ணு முன்னாடி வந்துச்சு.

அன்னையிலேருந்து மாத்திரை தவறல, சோறு பாதிதான். துணி வண்டியை லிஃப்ட்ல அனுப்பிட்டு ஆறு மாடியும் நான் படியேறுறேன். மாடிக்குப் பதினெட்டுப் படி, படிக்கு ஒரு போற்றி, மேல போனா சரியா நூத்தியெட்டு! சூப்பர்வைசர், "லிஃப்ட் ரிப்பேரா அக்கா?"ன்னாரு. "அதுல போனா பத்துப் போற்றிக்குள்ள மாடி வந்துடுது தம்பி"ன்னேன்.

நேத்து கிளினிக்ல திரும்ப அளந்தாங்க. இடுப்புல நாலு இஞ்ச் குறைஞ்சிருக்கு, பிரஷரும் இறங்கிடுச்சு! எல்லாரும் கை தட்டினாங்க. அந்த அளவுக்கு வெட்டுங்க. பார்த்தே அளவு சொல்ற தையல்காரர், பொண்டாட்டி அளவைக் கடுதாசியில படிக்க வேண்டியதாப் போச்சு. உங்க கையாலயே மடிச்சு அனுப்புங்க.

நீங்களும் பிரஷர் பாருங்க. 'என் பேண்ட் அளவு பத்து வருஷமா மாறல, எனக்கென்ன'ன்னு எழுதியிருந்தீங்க. வேன் வந்துடுச்சு, நிறுத்துறேன்.

அட, இப்பத்தான் ஞாபகம் வருது. நான் இந்த வேலைக்கு ஊரை விட்டுக் கிளம்புறதுக்கு முந்தின நாள் அந்தப் பேண்ட் இடுப்பை ரெண்டு இஞ்ச் பிரிச்சு, உங்க தையல் மாதிரியே தச்சு வச்சது நான்தான்.