ஐந்தாம் தாளில் நின்றுபோன கதை

அன்புள்ள அக்கா,

எடுத்த எடுப்பிலேயே கேட்டுவிடுகிறேன். நீ வேலை பார்க்கும் பத்திரிகையின் ஆசிரியர் என் கதையை உண்மையிலேயே படித்தாரா?

"முழுசா படிச்சிட்டுத்தான் வேணாம்னார்" என்று மூன்றாவது முறையாகத் திருப்பி அனுப்பியிருக்கிறாய். இந்த முறை ஒவ்வொரு தாளின் ஓரத்திலும் துளி பசை வைத்து, அடுத்த தாளோடு ஒட்டியிருந்தேன். முதல் ஐந்து தாள்கள்தான் பிரிந்திருக்கின்றன. மற்றவை ஒட்டியபடியே வந்தன.

ஐந்தாவது தாளின் மூலை மடிந்திருந்தது. எந்தப் புத்தகத்திலும் விட்ட இடத்தை நீதான் அப்படி மடிப்பாய். கதையில் வரும் அக்கா புகுந்த வீட்டிலிருந்து பெட்டியோடு திரும்பி, குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுவதும் அந்தத் தாளில்தான்.

அம்மாவிடம் சொன்னேன். "பெரிய துப்பறியும் புலி! கதைதானேடி, வேற ஒண்ணு எழுதேன்" என்றாள்.

எழுதிப் பார்த்தேன். ஒரு ராஜா, ஒரு பேய், ஒரு விமான விபத்து. எதிலும் உயிரில்லை.

அதனால் பழைய கதையையே திருத்தி அனுப்புகிறேன். பெட்டியை எடுத்துவிட்டேன். குழாயை எடுக்க மனம் வரவில்லை. அதுதான் நன்றாக வந்திருக்கிறது.

இந்த முறை பசை இல்லை. கடைசித் தாள்வரை நீ படி. அதில் அந்த அக்காவின் தங்கை குளியலறைக்கு வெளியே துண்டோடு நின்றுகொண்டே இருக்கிறாள். அதற்குப் பிறகும் கொடுக்க வேண்டாம் என்று தோன்றினால் கொடுக்காதே. ஆசிரியர் படித்தார் என்று மட்டும் எழுதாதே.

இப்படிக்கு,
நீ பெயர் வைத்த சந்தேகப் பிராணி