வீட்டு அளவும் சுபாஷ் அளவும்

5 ஜூலை 2025, சனி

சிங்கப்பூரிலிருந்து மச்சினன் இளமாறன் வாங்கி அனுப்பிய ரத்தப் பரிசோதனை மெஷினுக்கு இன்று திறப்பு விழா. வீடியோவில் பார்த்துக்கொண்டே, "பயப்படாம குத்துங்க மாமா" என்கிறான். நெஞ்சைப் பிளந்து வால்வு மாற்றிக்கொண்டவனுக்கு விரல் நுனியில் குத்தத் தைரியம் சொல்கிறான்! என் ஆபரேஷனுக்கு ஒரு நாள்கூட வந்து நிற்காதவன். மறக்கவில்லை.

ஐ.என்.ஆர். 3.3. இந்த எண் ஏறினால் ரத்தம் உறையத் தாமதமாகும். இறங்கினால் வால்வில் ரத்தம் கட்டிக்கொள்ளும். எனக்கு இரண்டரைக்கும் மூன்றரைக்கும் நடுவில் நிற்க வேண்டும். நிற்கிறது.

மெஷினும் லேபும் அரைப் புள்ளிக்குள் ஒத்துப்போனால் பதினைந்து நாளுக்கு ஒருமுறை லேபுக்கு அலைய வேண்டாம் என்கிறார் டாக்டர் நர்மதா. அப்படியானால் கள்ளக்குறிச்சியை விட்டு வெள்ளிமலைக்கே போய்விடலாம். விஜயலட்சுமி அங்கே பள்ளிக்கூட வேலையில், நான் இங்கே மெஸ் சாம்பாரில். ஒரு வருஷமாக வாரக் கடைசியில் மட்டும் கணவன் மனைவி.

7 ஜூலை, திங்கள்

லேபில் 2.5. மெஷினோடு ஒத்துப்போகவில்லை.

மனசுக்குள் ஒரே குதூகலம். சுபாஷின் லேப் தப்பு! பிளஸ் டூ வேதியியல் செய்முறைத் தேர்வில் என் பியூரெட் அளவை எட்டிப் பார்த்து எழுதி, என்னைவிட ஒரு மார்க் கூட வாங்கியவன் வேறு எப்படி லேப் நடத்துவான்? திருக்கோவிலூர் பள்ளிக்கூடத்தில் அன்றைக்கு நிறுத்திய பேச்சு. டாக்டர் இவன் லேபைத்தான் நம்புகிறார் என்பதற்காகப் போகிறேன். கையை நீட்டுவேன், வாயைத் திறக்க மாட்டேன்.

வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றும்போதுதான் தோன்றியது — அவன் தப்பு என்றால் நான் மலைக்குப் போக முடியாது.

20 ஜூலை, ஞாயிறு

நேற்றுக் காலை மெஷினில் 3.4. சாயங்காலம் விஜயலட்சுமி வந்தாள், வழக்கம்போல் பை நிறைய முருங்கைக்கீரையோடு. மலையில் பக்கத்து வீட்டுப் பாவாயி கொடுத்தனுப்பியது. நேற்றும் இன்றும் வேளை தவறாமல் சாமைச் சோறும் கீரையும். "மெல்லத் தின்னுங்க, யாரும் புடுங்கிக்கினு போவல" என்றாள்.

21 ஜூலை, திங்கள்

லேபில் 2.6. மறுபடியும்!

டாக்டர் கேட்டார்: "ரெண்டையும் ஒரே நேரத்துல பாத்தீங்களா சார்?"

எங்கே? மச்சினன் கூப்பிடும் சனிக்கிழமை மெஷின், திங்கட்கிழமை லேப்.

"மெஷினை லேபுக்கே எடுத்துட்டுப் போங்க. அவர் ரத்தம் எடுக்கும்போதே நீங்களும் குத்திப் பாருங்க. அப்பவும் ஒத்து வரலன்னா மெஷினை நம்பி உங்களை மலைக்கு அனுப்ப மாட்டேன்."

சுபாஷ் முன்னால் உட்கார்ந்து விரலைக் குத்துவதா? அதற்கு மெஸ் சாம்பாரே மேல்.

22 ஜூலை

மேல் இல்லை. சாம்பார் ஊசிப்போயிருந்தது.

4 ஆகஸ்ட், திங்கள்

போனேன். மெஷினை மேசைமேல் வைத்ததும் சுபாஷ் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினான்.

"இன்னாடா, எனக்குப் போட்டியா கடை போடறியா?"

பேசக்கூடாது என்றுதான் போனேன். "உன் லேபு கம்மியா காட்டுது."

"அப்டியா? குத்து, பாப்போம்."

அவன் ஊசியில் இழுத்தான். நான் விரலைக் குத்தினேன். எண் வருவதற்குள் அவசரமாகக் கையால் மறைத்தான்.

"நம்பரை எனக்குக் காட்டாத. அப்புறம் இதையும் பாத்து எழுதினேன்னுவ."

ஆக, தெரிந்துதான் இருந்திருக்கிறது அவனுக்கு!

"எழுதினதானே?"

"டேய், உன்னுதப் பாத்து எழுதியிருந்தா உன் மார்க்குதானேடா எனக்கும் வந்திருக்கும்? ஒண்ணு எப்டிடா ஜாஸ்தி வரும்? எட்டிப் பாத்தது நெசந்தான். உன்னுது தப்பா இருந்துச்சு, வுட்டுட்டேன்."

எம்.எஸ்சி. வேதியியல் படித்து, கல்லூரியில் பாடமும் நடத்தியவன் நான். இத்தனை வருஷத்தில் ஒருமுறையாவது தோன்றியதா இது?

"தப்புன்னு தெரிஞ்சும் ஏண்டா சொல்லல?"

"பரிச்சையில பேசக் கூடாதுடா!"

சிரிப்பு வந்துவிட்டது. அவனுக்கும். காத்திருந்த ஒரு அம்மா, "ரத்தம் குடுத்துட்டு இன்னாத்துக்கு இப்டி சிரிச்சிக்கினு இருக்காங்க?" என்று பக்கத்தில் இருந்தவரிடம் கேட்டார்.

ஒரு மணி நேரம் கழித்து ரிசல்ட்டை அவனே கொண்டுவந்தான். லேப் 2.6. மெஷின் 2.7.

அப்படியென்றால் முன்பு ஏன் ஒத்துப்போகவில்லை? வீடு வரும் வழியில் புரிந்தது. கீரை! ஜாஸ்தி தின்றால் எண் இறங்கும் என்று டாக்டர் முதல் நாளே சொல்லியிருக்கிறார். மெஷின் பார்த்தது சனிக்கிழமையின் மெஸ் ரத்தம். சுபாஷ் பார்த்தது திங்கட்கிழமையின் கீரை ரத்தம். இரண்டும் சரி.

தப்பான அளவைப் பார்த்தும் சொல்லாமல் விட்டானே — இனிமேல் கோபம் வேண்டுமானால் அதற்கு வைத்துக்கொள்ளலாம்.

6 ஆகஸ்ட்

டாக்டர் அனுமதித்துவிட்டார். கீரையை விட வேண்டாமாம். தினமும் ஒரே அளவு தின்ன வேண்டுமாம். மெஸ்காரரிடம் கணக்கை முடித்தேன். அவருக்கு வருத்தம். எனக்கு இல்லை.

1 செப்டம்பர், திங்கள். வெள்ளிமலை

காலையில் 2.8. வெளியே மழை. விஜயலட்சுமி குடையோடு பள்ளிக்கூடம் போயிருக்கிறாள், சாப்பாட்டுக்கு வந்துவிடுவாள். தினமும் ஒரு கைப்பிடி கீரைதான். "ஒரு கை கீர ஆட்டுக்குட்டிக்கே பத்தாது சாரு" என்று பாவாயிக்குக் குறை.

ஆபரேஷனுக்கு இளமாறன் வராததை இன்னும் மறக்கவில்லை. ஆனால் மெஷின் நல்ல மெஷின்.

ஞாயிற்றுக்கிழமை நாங்கள் இருவரும் கீழே போகிறோம். லேபுக்கு இல்லை. சுபாஷ் வீட்டில் விருந்து. கீரை மட்டும் சமைக்க வேண்டாம் என்று போனில் சொல்லிவைத்தேன். எண் இறங்கினால் மறுபடியும் அவன் லேபைத்தான் குறை சொல்வேன்.