இரண்டு விளக்கும் ஒரே நாளில் கெட்ட கதை

சிரஞ்சீவி வரதனுக்கு அம்மாவின் அநேக ஆசீர்வாதம். வீரராகவப் பெருமாள் கிருபையில் இங்கே நாங்களும், கும்மிடிப்பூண்டியில் உன் தங்கை ஸ்ரீவாணியும், அவள் வயிற்றில் உதைத்துக்கொண்டிருக்கிறதும் சௌக்கியம். டொரண்டோ குளிரில் நீ காதை மூடிக்கொண்டு வெளியே போகிறாயா என்பதுதான் தெரியவில்லை. போனில் சொன்னால் பாதியிலேயே சிரித்துக் கெடுத்துவிடுவாய், அதனால் எழுதுகிறேன். நான் ஜெயித்துவிட்டேன்டா!

நீ வாங்கிக் கொடுத்த காரில், எதிரே வண்டி வந்தால் தானாகத் தணிந்து, அது போனதும் தானாக உயரும் என்று பெருமையடித்தாயே அந்த ஹெட்லைட், தை அமாவாசை பூஜை கழிந்த கையோடு படுத்துவிட்டது. உயரவே மாட்டேன் என்கிறது, ஸ்டியரிங்குக்கு முன்னால் மஞ்சள் எச்சரிக்கை வேறு. மாப்பிள்ளைக்கு ஃபேக்டரியில் ஷிப்ட், ஏழு மாதக்காரியைச் சாயங்காலம் டாக்டரிடம் கூட்டிப்போக நான்தான் போகவேண்டும், திரும்பும்போது அந்த லாரி ரோட்டில் இருட்டிவிடும். உன் அப்பாவோ, எங்கேயோ இடிச்சுட்டு மறைக்கறே, இந்த வயசுல உனக்கு எதுக்கு ஸ்டியரிங், வண்டியை வித்துடலாம் என்று ஒரே பிடியாக நின்றார். எனக்கு வந்த கோபத்துக்கு அவர் காப்பியைக் கையில் கொடுக்காமல் மேஜையில் டங்கென்று வைத்தேன்.

மெக்கானிக் பரசுராமன் ஃப்யூஸைப் பார்த்தார், பேட்டரியைப் பார்த்தார், எலி ஒயரைக் கடித்திருக்கிறதா என்று குனிந்து பார்த்தார், கடைசியில், இன்னாம்மா பண்றது, ரெண்டு லைட்டும் செட்டோட மாத்தினாதான் ஆவும் என்று கையைத் துடைத்துக்கொண்டார். அங்கேதான் எனக்கு உறைத்தது. ஒரு ரூம் இருட்டானால் பல்பைப் பார்ப்போம், வீடே இருட்டானால் மெயினைத்தானே பார்ப்போம்? இரண்டும் ஒரே நாளில் கெடுமா என்ன? எதிரே வண்டி வருவது இதற்கு எப்படித் தெரிகிறது என்று ஷோரூமுக்குப் போன் போட்டுக் கேட்டேன். முன் கண்ணாடி உச்சியில் மிரருக்குப் பின்னால் ஒரு கேமரா இருக்கு மேடம் என்றாள் ஒரு பெண். ஓடிப்போய்ப் பார்த்தால், கேமராவுக்கு நேர் எதிரே, கண்ணாடிக்கு வெளிப்பக்கம், பூஜையன்று உன் அப்பா கெட்டியாகக் குழைத்துத் தன் கையாலேயே இட்ட திருமண் நாமம்! வெள்ளிக்கிழமைதோறும் அதன் மேலேயே இன்னொரு பூச்சு. பரசுராமனைக் கேட்டால், பாத்தேம்மா, சாமி நாமத்துல நான் போய் கைய வெப்பனா என்கிறார். வண்டி கழுவுகிறவரும் அதைச் சுற்றித்தான் துடைப்பாராம்.

எனக்கும் பயம்தான், முதலில் கன்னத்தில் போட்டுக்கொண்டேன். பெருமாளே, உம்மைத் துடைக்கலை, வண்டிக்குக் கண்ணைத் திறந்துவிடறேன் என்று சொல்லிக்கொண்டு ஈரத்துணியால் துடைத்தேன். ஸ்டார்ட் பண்ணினால் மஞ்சள் விளக்கு போயே போச்சு! அன்று சாயங்காலமே உன் அப்பாவிடம் விஷயத்தைச் சொல்லி, அவரைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு போய் ஸ்ரீவாணியை டாக்டரிடம் காட்டிவிட்டுத் திரும்பினேன். லாரி வந்தால் விளக்கு தணிந்தது, போனதும் உயர்ந்தது. ஒவ்வொரு தடவையும் அவர் எட்டி எட்டிப் பார்த்தார், எனக்கு அப்படியொரு சந்தோஷம்.

இன்று வெள்ளிக்கிழமை. காலையில் திருமண் கிண்ணத்தோடு வண்டி முன்னால் போய் நின்றவர், கண்ணாடியையும் என்னையும் பார்த்துவிட்டு, வைஜயந்தி, இதை எங்கே இடட்டும் என்று கேட்டார். கல்யாணமான நாளிலிருந்து உன் அப்பா என்னைக் கேட்டு ஒரு காரியம் செய்தது இதுதான் முதல் தடவை. பானெட்டைக் காட்டினேன், அங்கேயே இட்டார்.

பெருமாள் உனக்கு ஆயுசும் ஆரோக்கியமும் கொடுக்கட்டும். பிரசவ சமயத்துக்கு இப்போதே லீவு சொல்லிவை, மறந்துவிடாதே. ஏர்போர்ட்டுக்கு டாக்ஸி சொல்ல வேண்டாம், நான் வருகிறேன்.

இப்படிக்கு,
கார் சாவியைத் தன்னிடமே வைத்திருக்கும் உன் அம்மா
வைஜயந்தி