நாலு மணிச் சங்கு

அன்புள்ள அக்காவுக்கு,

மன்னார்க் கழுதைகளும் நானும் சுகம். உங்கட முழங்கால் நோ எப்பிடி?

தாழ்வுபாட்டில் எங்கட ஐஸ் தொழிற்சாலை பெரிசாகுது. புது மெஷின்களுக்கு நெற்வேர்க் போட்டு, மெஷின்களை ஓட்டுற பழைய கொன்ரோலரை மாத்தத் திட்டம் எழுத, பூலோகம் முழுக்கத் தேடிப் பிடிச்ச மகாமேதை உங்கட தம்பிதான்!

முந்தநாள் பழையதைச் சோதனைக்கு நிறுத்தினன். நாலு மணிக்குத் தொழிற்சாலைக்குப் பக்கத்து வீட்டுப் பெற்றிசியா ஓடிவந்தா.

"சங்கு ஊதேல்லையே தம்பி, லோறன்ஸுக்கு என்ன நடந்தது?"

லோறன்ஸ் அவவின்ர புருஷன், எங்கட பழைய எலெக்ற்றீசியன். வேலை முடிஞ்சு வாறன் எண்டு அவவுக்குச் சொல்ல, அந்தச் சங்கு நாலு மணிக்குத் தானா ஊதக் கொன்ரோலருக்குள்ள எழுதி வைச்சவர். அவர் செத்து மூண்டு வருஷம், ஆனா சங்கு ஊதினா அவர் வாறார் எண்டுதான் அவவுக்கு இன்னும் நினைப்பு.

உடனே கொன்ரோலரைத் திருப்பிப் போட்டன். மனேஜர் வேண்டாமெண்டு சொல்லியும், சங்கைப் புதுத் திட்டத்திலும் சேர்த்திட்டன்.

பருத்தித்துறை வடை அனுப்புங்கோ, ரெண்டு பேருக்கு. மற்றது ஆருக்கெண்டு கேக்காதேங்கோ.

முடிக்கிறன். சங்கு ஊதுது, வேலை முடிஞ்சு பெற்றிசியாவிட்டப் போற லோறன்ஸுக்குக் கேற்றைத் திறந்துவிடவேணும்.

உங்கட தம்பி,
றெனால்ட்