கிளட்ச் மேல் குடியிருந்த கால்

சகலை,

இன்று காலை கடைக்குள் அந்த நெடி வந்தது. சேலத்தில் தக்காளி இறக்கிவிட்டுத் திரும்பிய மாரண்டஹள்ளிப் பிக்கப் ஒன்று, தொப்பூர் ஏற்றத்தில் இழுக்காமல், எப்படியோ தவழ்ந்து அதியமான்கோட்டை வந்து என் கடை முன்னால் நின்றது. டிரைவர் இறங்குவதற்கு முன்பே கிளட்ச் கருகிய வாசனை இறங்கிவிட்டது. நான் வண்டியைப் பார்க்கவில்லை. சுவரில் ஆணியில் தொங்கும் உங்கள் கிளட்ச் பிளேட்டைத்தான் திரும்பிப் பார்த்தேன். அதன் பக்கத்தில் ஒரு ஈர்க்குச்சி செருகியிருக்கிறது. குச்சியைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். முதலில் நம் வழக்கு.

நான் அக்காளைக் கட்டியவன், நீங்கள் தங்கையைக் கட்டியவர். முப்பது வருடம் தக்காளி மண்டியில் நின்ற மனிதர், ஐம்பத்தெட்டு வயதில், இரண்டு பேர் மட்டும் உட்காரும் சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றைப் பெங்களூரிலிருந்து ஓட்டிக்கொண்டு வந்து நிறுத்தினீர்கள். "பேத்திய எங்கங்க உக்கார வெப்பீங்க?" என்று கேட்டேன். "அவ பஸ்ஸுல வரட்டும் சகலை, நாம முன்னாடி போயிரலாம்" என்றீர்கள்.

அந்தக் காருக்கு முதல் தடவை கிளட்ச் பிளேட் மாற்றியது நான். ஐந்தாம் வகுப்பைத் தாண்டாதவன், எந்தக் கம்பெனியிலும் பயிற்சி எடுக்காதவன், லாரிகளைப் பிரித்துப் பிரித்துத் தானாகவே தொழில் கற்றவன். ஆறு மாதத்தில் புது பிளேட்டும் வழுக்க ஆரம்பித்தது. ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் என்ஜின் கத்தும், கார் நகராது. கியர்பாக்ஸைக் கோணலாக மாட்டியிருப்பார்கள் என்று பெங்களூரில் யாரோ உங்கள் காதில் போட்டுவிட்டார்கள். நீங்கள் அதை அப்படியே என் கடையில் கொண்டுவந்து இறக்கினீர்கள்.

நான் எதையும் பிரிப்பதற்கு முன்னால் ஓட்டிப் பார்ப்பேன். சித்திரை மாதம், உச்சி வெயில். நீங்கள் ஓட்ட, நான் பக்கத்தில். தொப்பூர் இறக்கம் போய், திரும்பி ஏறும்போது நாலாவது கியரில் மிதிக்கச் சொன்னேன். என்ஜின் சத்தம் எகிறியது, வேகம் ஏறவில்லை. வழுக்கல் உறுதியாயிற்று. ஆனால் முதல் கியரில் கிளம்பும்போது உதறவில்லை. கோணலாக இருந்தால் கிளம்பும்போதே உடம்பை உலுக்கிவிடும். அப்போதே எனக்குப் பாதி விடை கிடைத்துவிட்டது.

டீ குடிக்க ஒரு கடையில் நிறுத்தினோம். நீங்கள் இறங்கித் தார் ரோட்டில் பத்தடி நடந்த பிறகுதான் பார்த்தேன், இடது காலில் செருப்பு இல்லை. காருக்குள் பெடலுக்கு அடியில் கிடந்தது. "சகலை, செருப்பு அழுக்காயிருமின்னு காருக்குள்ளயே பத்திரமா வெச்சிட்டு வந்தீங்களா?" என்றேன். நீங்கள் குனிந்து காலைப் பார்த்து, "அட, ஆமா" என்று சிரித்தீர்கள். டீக்கடைக்காரரும் சிரித்தார். அந்த வெயிலில், கொதிக்கிற தாரில், வெறுங்காலோடு பத்தடி. நானும் சிரித்தேன்.

அடுத்த நாள் உங்களை எதிரில் ஸ்டூல் போட்டு உட்காரவைத்து கியர்பாக்ஸை இறக்கினேன். என்ஜினையும் கியர்பாக்ஸையும் நேராக நிறுத்தும் இரண்டு பின்களும் அதனதன் குழியில் இருந்தன. பிளேட்டின் நடுப்பல் ஒரு பக்கமாகத் தின்னப்பட்டிருக்கவில்லை. கோணல் என்றால் ஒரு பக்கத்து ரிவெட்டு வெளியே தெரியும், மறுபக்கம் கனமாக இருக்கும். உங்கள் பிளேட்டோ சுற்றிலும் ஒரே சீராகத் தேய்ந்திருந்தது. பெடலை மிதிக்கும்போது மட்டும் அழுந்தவேண்டிய ரிலீஸ் பேரிங் வெந்து நீலம் பாரித்திருந்தது. பிரஷர் பிளேட்டின் விரல் நுனிகள் கண்ணாடிபோல் வழவழத்தன. இதற்கு ஒரே காரணம்தான் உண்டு. கிளட்ச் பெடல் மேல் எப்போதும் கால் இருக்கிறது. இன்றைக்கும் இதில் ஒரு எழுத்தைக்கூட நான் மாற்றமாட்டேன்.

உங்கள் பேத்தியின் காதுகுத்தில், பந்தியில் உட்கார்ந்துகொண்டு நீங்கள் ஆரம்பித்தீர்கள். "படிச்ச மெக்கானிக்கா பாத்துக் குடுத்திருக்கணும். சொந்தமாச்சேன்னு குடுத்தது என் தப்பு."

"உங்க இடது காலு கிளட்ச்சு மேலயே குடியிருக்குது சகலை, வாடகை இல்லாம. அதைக் காலி பண்ணுங்க மொதல்ல."

"நான் காலு வெக்கல."

"வெச்சீங்க."

"வெச்சிருந்தா எனக்குத் தெரியாதா?"

"தெரிஞ்சுதான பொய் சொல்றீங்க!"

நீங்கள் பாதி இலையில் எழுந்துவிட்டீர்கள். அக்காளும் தங்கையும் போனில் அழுது தீர்த்துக்கொண்டார்கள். நாம் இரண்டு வருடம் பேசவில்லை. காரை வேறு எங்கோ கொடுத்துச் சரி செய்து, அதுவும் நிற்காமல், கடைசியில் விற்றுவிட்டீர்கள் என்று கேள்விப்பட்டேன். நிற்காது என்று எனக்குத் தெரியும்.

தருமபுரி ஆஸ்பத்திரியில் உங்களைச் சேர்த்திருக்கிறார்கள், காலில் புண் என்றார்கள். வீட்டுக்காரி இழுத்ததால் வந்தேன், சுவர் ஓரமாக நின்றேன். டாக்டரம்மா உங்களைக் கண்ணை மூடச் சொல்லிவிட்டு, நரம்பு மாதிரி ஒரு மெல்லிய இழையால் உங்கள் இடது பாதத்தைத் தொட்டார். கட்டைவிரலில் ஒரு தடவை. நடுவிரலில் ஒரு தடவை. பாதத்தில் இரண்டு தடவை. நீங்கள் கண்ணை மூடியபடியே சொன்னீர்கள், "தொடுங்கம்மா, ஏன் சும்மா நிக்கறீங்க?"

அந்த அம்மா நிமிர்ந்து கேட்டார்: "நடக்கறப்ப செருப்பு கழண்டு போனது தெரியாம போயிருக்குங்களா?"

"இல்லைங்க" என்றீர்கள்.

"போயிருக்கு" என்றேன் நான்.

இரண்டு வருடத்துக்குப் பிறகு உங்கள் காதில் விழுந்த என் முதல் வார்த்தை அதுதான். நீங்கள் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தீர்கள். சர்க்கரை உங்கள் பாதத்தை எப்போதோ மரக்கட்டையாக்கியிருந்தது. பெடல் மேல் கால் இருந்ததும் உண்மை. அது உங்களுக்குத் தெரியாமல் இருந்ததும் உண்மை. "கிளட்ச்சு கேஸுல நீங்க ஜெயிச்சிட்டீங்க சகலை" என்றீர்கள். இந்த ஒரு வார்த்தைக்காக இரண்டு வருடம் காத்திருந்தவன், "ம்" என்றேன். பிறகு அந்தக் காலை எடுத்தார்கள். அடுத்த ஆடிக்குள் நீங்களும் போய்விட்டீர்கள்.

பிளேட்டைப் பார்த்தேன், பேரிங்கைப் பார்த்தேன், பெடலில் கால் இருக்கிறது என்பது வரைக்கும் சரியாக வந்தேன். அதோடு நின்றுவிட்டேன். அந்தக் கால் ஏன் அங்கே இருக்கிறது என்று கேட்கவில்லை. தொப்பூரில் உங்கள் செருப்பு என் கண் முன்னால் கிடந்தது. லாரியில் ஒரு நட்டு கழன்று கிடந்தால் எங்கிருந்து வந்தது என்று தேடாமல் விட்டிருப்பேனா? என் தொழிலில் தப்பு இல்லை. நீங்கள் பொய் சொல்வதாகச் சொன்னது தப்பு. பந்தியில் அத்தனை பேர் முன்னால் சொன்னதை இங்கே தனியாகத் திருப்பி எடுத்துக்கொள்வது போதாது என்றும் தெரியும். அதனால்தான் அன்று கழற்றிய உங்கள் பிளேட் கடையில் தொங்குகிறது. ஏன் என்று கேட்கிற எல்லோருக்கும் முழுக்கதையும் சொல்கிறேன், என் வாயால்.

இப்போது குச்சிக்கு வருகிறேன். இன்று காலை வந்த பிக்கப்பைப் பிரித்தேன். அதே சீரான தேய்மானம், அதே நீலம் பாரித்த பேரிங். டிரைவருக்கு நாற்பத்தைந்து வயது இருக்கும். "செருப்பக் கழட்டுங்க, கண்ண மூடுங்க" என்றேன்.

"வண்டிக்கு மந்திரம் போடறீங்களா மேஸ்திரி?"

"மூடுங்க சொல்றேன்."

ஈர்க்குச்சியால் அவர் இடது கட்டைவிரலைத் தொட்டேன். "கட்டவெரலு" என்றார். சுண்டுவிரலைத் தொட்டேன். "சுண்டு வெரலு." நடுப்பாதத்தில் லேசாக இழுத்தேன். காலை வெடுக்கென்று இழுத்துக்கொண்டு, "ஐயோ, கூசுதுங்க!" என்று சத்தம் போட்டார்.

நல்ல கால், சகலை. உயிருள்ள கால். குச்சியைத் திரும்ப ஆணியில் செருகினேன். அப்புறம் கையைத் துடைத்துக்கொண்டு, "அப்போ தெரிஞ்சேதான் கிளட்ச்சு மேல காலு வெச்சிட்டு ஓட்டறயா?" என்று ஆரம்பித்தேன். உங்களிடமிருந்து திரும்ப எடுத்துக்கொண்ட திட்டு முழுவதும் என்னிடம் பத்திரமாக இருந்தது. ஒன்று விடாமல் அவருக்குக் கொடுத்தேன்.