இரண்டு பேர் பயந்த வீடு

அன்ரி,

சிட்னியின் இந்தப் பெப்ரவரிப் புழுக்கத்தில் சட்டை முதுகோடு ஒட்டிக்கிடக்கிறது. ஹோம்புஷ் பிளாட்டின் பல்கனியில் நுளம்புத்திரி கொளுத்தி வைத்திருக்கிறேன். திரி வைக்க நீங்கள் வைத்திருந்த, உங்கள் மகள் பிறகு எனக்குத் தந்த களிமண் பன்றியின் வாய்வழியாகப் புகை வருகிறது. அந்த மணம் மூக்கில் ஏறியதும், உங்கள் வீட்டு வாசலில் செருப்பைக் கையில் பிடித்தபடி முழித்துக்கொண்டு நின்ற ஆளாகிவிட்டேன்.

"ஜப்பான்காரரின்ர வீடு, மச்சான். எல்லாத்துக்கும் ஒரு முறை வச்சிருப்பினம். வாயைத் திறக்காத, பயத்தை வெளியில காட்டாத," என்று சொல்லித்தான் என் கூட்டாளி ரவி என்னைக் கொண்டுவந்து விட்டான். அதற்கு முன் இரண்டு வீடுகளில் அறையை விட்டு எழும்பச் சொல்லியிருந்தார்கள். விசா முடிவாகாதவனுக்கு யார் அறை தருவார்கள்? இதுவும் போனால் தெருதான் என்ற பயத்தில், உங்கள் வீட்டில் மூச்சைக்கூட மெதுவாகத்தான் விட்டேன்.

அப்படியும் பிழை விட்டேன். கழிவறைக்கென்று தனியாக வைத்திருந்த செருப்போடு நேரே குசினிக்குள் வந்து நின்றேன். நீங்கள் என் காலைப் பார்த்துவிட்டு அடுப்புப் பக்கம் திரும்பினீர்கள். ஏசியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். அடுத்த நாள் பின்னேரம், தொட்டி நிறையச் சுடுதண்ணீரைக் கண்டு எனக்குத்தான் என்று நினைத்து, சவர்க்காரம் போட்டு முழுகிவிட்டு அடைப்பைப் பிடுங்கிவிட்டேன். உடம்பை வெளியே கழுவிவிட்டு வந்து, வீட்டில் எல்லாரும் ஒரே தண்ணீரில் ஊறுவதுதான் உங்கள் வழக்கம் என்று எனக்கு யார் சொன்னது? வெறுந்தொட்டியைப் பார்த்தபடி துவாயோடு நீங்கள் நின்ற நிலை! நான் அறைக்குள் போய்ப் பையைக் கட்டத் தொடங்கினேன்.

கதவைத் தட்டினீர்கள். போகச் சொல்லப்போகிறீர்கள் என்று நினைத்தேன். ஆனால் உங்கள் முகம்தான் வெளிறிப்போயிருந்தது. குசினிச் சுவரைக் காட்டினீர்கள். உள்ளங்கை அளவில் ஒரு ஹன்ட்ஸ்மன் சிலந்தி.

"கணவர் இருந்தவரை அவர் பிடிப்பார். இதற்காகத்தான் அறையை வாடகைக்கு விட்டேன்," என்றீர்கள், உங்கள் மெல்லிய ஆங்கிலத்தில்.

சிலந்தி என்றால் எனக்குப் பாதி உயிர் போய்விடும். முடியாது என்றால் அறை போய்விடும். உண்மை தானாக வெளியே வந்தது.

"எனக்கும் பயம், அன்ரி."

என்னை உற்றுப் பார்த்தீர்கள். பிறகு இந்தப் பன்றியைத் தூக்கிக்கொண்டு பின்படியில் போய் இருந்து, திரியைக் கொளுத்தி, பக்கத்தில் எனக்கும் இடம் விட்டீர்கள். "தனியாகப் பயப்படுவதுதான் கஷ்டம்," என்றீர்கள். சிலந்தி எங்கே நிற்கிறது என்று கண்ணாடிக் கதவால் மாறி மாறி எட்டிப் பார்த்தோம். திரியையும் மீறி நுளம்பு கடித்தது. சிலந்தி போன பிறகுதான் உள்ளே வந்தோம். பையை அவிழ்த்தேன்.

என் விசா விசாரணைக்கு வந்து வெளியே கதிரையில் இருப்பதாகச் சொல்லியிருந்தீர்கள். "உள்ளே நீ பயப்படு, வெளியே நான் பயப்படுகிறேன்," என்று சிரித்தீர்கள். போன குளிர்காலத்தோடு கண்ணை மூடிவிட்டீர்கள். விசாரணை நாளைக்கு.

உங்களைத் தெரியாத காலமென்றால் பயமென்று யாரிடமும் மூச்சு விட்டிருக்கமாட்டேன். ரவிக்குப் போன் எடுத்தேன்.

"எனக்குப் பயமாக் கிடக்கடா," என்றேன்.

ஏசுவான் என்று காத்திருந்தேன். பயத்தைக் காட்டாதே என்று சொல்லித்தந்தவன் அல்லவா.

"நானும் வாறன், மச்சான்," என்றான். "வெளிய கதிரையில இருக்கிறன். எனக்கும் பயமாத்தான் கிடக்கு."